பங்குகளை விற்றார், பந்தயத்தை விற்கவில்லை: என்சோ ஃபெராரியின் வாழ்க்கைக் கதை

அமெரிக்க கார் நிறுவனம் ஒன்றும் இத்தாலிய கார் நிறுவனம் ஒன்றும் கைகோக்கின்றன என்ற செய்தி வெளியாகும் ஒவ்வொரு முறையும் கார் ஆர்வலர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நிற்கிறார்கள். முதலீடும் பெரிய சந்தையும் கிடைக்கும் என்று ஒரு தரப்பு வரவேற்கிறது. தாங்கள் நேசித்த காரின் தனித்தன்மை கணக்குப் புத்தகத்தில் கரைந்துவிடும் என்று மறுதரப்பு அஞ்சுகிறது. 2009-இல் திவால் நிலைக்குச் சென்ற கிரைஸ்லரின் நிர்வாகத்தை இத்தாலியின் ஃபியட் ஏற்றபோது இந்த விவாதம் எழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் அணி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஃபெராரி என்ஜினுடன் களமிறங்கும் என 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோதும் அது மீண்டும் எழுந்தது.

இந்த விவாதங்கள் அனைத்திலும் தவறாமல் நினைவுகூரப்படும் பெயர் ஒன்று உண்டு. இத்தாலியின் மொடேனா நகரில் பிறந்து, அதே நகரில் 90-ஆவது வயதில் மறைந்த என்சோ ஃபெராரியின் பெயர்தான் அது. 1963-இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்துடன் கையெழுத்தாகும் நிலையில் இருந்த ஒப்பந்தத்தை அவர் கடைசி நேரத்தில் நிராகரித்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஃபியட் நிறுவனத்துக்குப் பாதிப் பங்கை மனமுவந்து விற்றார். அமெரிக்கரை வெறுத்து இத்தாலியரை ஏற்ற தேசப்பற்றாளர் என்றே அவரைப் பலரும் புரிந்துகொண்டுள்ளனர். அவருடைய வாழ்க்கையை முழுமையாகப் பார்த்தால் காரணம் வேறு என்பது தெரியும்.

பட்டறை வீட்டுப் பிள்ளை

என்சோ ஃபெராரி 1898 பிப்ரவரி 18 அன்று பிறந்தார். தந்தை ஆல்ஃபிரெடோ மொடேனாவில் உலோக வேலைப் பட்டறை நடத்தி வந்தார். 1908-இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்த என்சோ, தந்தையுடனும் அண்ணனுடனும் பொலோன்யா நகரில் கார் பந்தயம் ஒன்றைக் கண்டார். அதில் வென்ற ஃபெலீச்சே நட்சாரோ சிறுவனின் மனத்தில் நாயகனாகப் பதிந்தார்.

முதல் உலகப் போர் அந்தக் குடும்பத்தைக் குலைத்தது. 1916-இல் தந்தையும் அடுத்து அண்ணனும் நோயால் இறந்தனர். குடும்பத் தொழில் சரிந்தது. மறு ஆண்டு ராணுவத்தில் சேர்க்கப்பட்ட என்சோவுக்கு, மலைப் பகுதிப் பீரங்கிப் படையில் கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிக்கும் வேலை கிடைத்தது. கடும் நோயுற்ற அவர் உயிர் பிழைத்தாலும் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

போர் முடிந்த குளிர்காலத்தில், கையில் ஒரு பரிந்துரைக் கடிதத்துடன் டூரின் நகரிலிருந்த ஃபியட் நிறுவனத்துக்கு வேலை தேடிச் சென்றார். போரிலிருந்து திரும்பிய அனைவருக்கும் வேலை தர இயலாது என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பினர். வாலன்டினோ பூங்காவில் ஒரு பலகையில் தனியே அமர்ந்து அழுததாக அவர் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஃபியட்டின் அந்த மறுப்பை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

பின்னர் மிலானில் சிஎம்என் என்ற சிறு நிறுவனத்தில் சேர்ந்து, 1919-இல் பார்மா – போஜோ தி பெர்செட்டோ மலையேற்றப் பந்தயத்தில் முதன்முறையாகப் போட்டியிட்டார். 1920-இல் ஆல்ஃபா ரோமியோவுக்கு மாறினார். அதே ஆண்டு சிசிலித் தீவின் புகழ்பெற்ற டார்கா ஃபுளோரியோ பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றார்.

1923-இல் ரவென்னா நகருக்கு அருகே நடந்த பந்தயத்தில் வென்றபோது, போரில் வீழ்ந்த இத்தாலிய விமானி ஃபிரான்செஸ்கோ பராக்காவின் தந்தையைச் சந்தித்தார். அந்தத் தொடர்பின் வழியாக, விமானியின் தாயார் தன் மகனின் விமானத்தில் இருந்த கறுப்புக் குதிரைச் சின்னத்தைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு கூறினார். அதற்கு மொடேனா நகரின் நிறமான மஞ்சளைப் பின்னணியாகச் சேர்த்தவர் என்சோ. இன்று உலகம் முழுவதும் அறியப்படும் ஃபெராரி சின்னம் இவ்வாறு பிறந்தது.

முதல் கூட்டு தந்த பாடம்

ஓட்டுநராகத் தன்னைவிடத் திறமையானவர்கள் பலர் உண்டு என்பதை என்சோ விரைவிலேயே உணர்ந்தார். மனிதர்களையும் இயந்திரங்களையும் ஒருங்கிணைப்பதே தன் திறமை என்று கண்டுகொண்டார். 1929 நவம்பரில் மொடேனாவில் ஸ்குதெரியா ஃபெராரி என்ற பந்தய அணியைத் தொடங்கினார். 1932-இல் மகன் டினோ பிறந்த காலத்தையொட்டித் தாமே பந்தயத்தில் ஓட்டுவதையும் நிறுத்திக்கொண்டார்.

இந்த அணி ஆல்ஃபா ரோமியோ கார்களை ஓட்டியது. கார் அவர்களுடையது, அணியை நடத்துபவர் என்சோ. இந்தப் பங்கீடு நல்ல பலன் தந்தது. 1935-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில், அரசின் ஆதரவு பெற்ற மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் அணிகளை அவற்றின் சொந்த மண்ணிலேயே டாட்சியோ நுவோலாரி வீழ்த்தினார். அவர் ஓட்டியது ஸ்குதெரியா ஃபெராரி அணியின் பழைய ஆல்ஃபா காரை.

ஆனால் 1938-இல் ஆல்ஃபா ரோமியோ தன் பந்தயப் பிரிவைத் தானே நடத்த முடிவு செய்தது. என்சோ அதன் மேலாளர் ஆனார். உரிமையாளர் நிலையிலிருந்து ஊழியர் நிலைக்கு இறங்கினார். எந்தக் காரை உருவாக்குவது, யாரை ஓட்ட வைப்பது என்ற முடிவுகளில் மேலிடத்தின் சொல்லே இறுதியானது. மறு ஆண்டே அவர் வெளியேறினார். நான்கு ஆண்டுகளுக்குத் தன் பெயரில் பந்தய அணி நடத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் ஏற்க நேர்ந்தது. தன் பெயரைத் தானே பயன்படுத்த முடியாத நிலை, கூட்டு முயற்சிகளைப் பற்றி அவருக்குக் கிடைத்த முதல் பாடமாக அமைந்தது.

1940-இல் மில்லே மிலியா பந்தயத்துக்கு அவர் உருவாக்கிய இரண்டு கார்கள் ஆட்டோ ஆவியோ கோஸ்த்ரூட்சியோனி என்ற வேறு பெயரில்தான் ஓடின. போர்க்காலத்தில் இயந்திரக் கருவிகள் தயாரித்து நிறுவனத்தைக் காத்தார். 1943-இல் தொழிற்சாலையை மொடேனாவிலிருந்து அருகிலுள்ள மரனெல்லோ என்ற சிற்றூருக்கு மாற்றினார். குண்டுவீச்சில் சேதமடைந்த அது மீண்டும் கட்டப்பட்டது.

1947 மார்ச்சில் 125 எஸ் என்ற கார் மரனெல்லோ தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. ஜோவாக்கினோ கொலம்போ வடிவமைத்த 1.5 லிட்டர், 12 சிலிண்டர் என்ஜின் அதில் இருந்தது. மே மாதம் ரோமில் ஃபிராங்கோ கோர்தேசே அந்தக் காருக்கு முதல் வெற்றியைத் தந்தார். ஃபெராரி என்ற பெயரைத் தாங்கிய முதல் கார் இதுவே.

1951 ஜூலையில் பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் களத்தில், உலகச் சாம்பியன்ஷிப்பில் ஃபெராரியின் முதல் வெற்றியை அர்ஜென்டினாவின் ஹோசே ஃபுரோய்லான் கொன்சாலஸ் பெற்றுத் தந்தார். தோற்றது ஆல்ஃபா ரோமியோ. அந்த ஆல்ஃபா காரின் மூல வடிவம், போருக்கு முன் மொடேனாவில் என்சோவின் பட்டறையில்தான் உருவாகியிருந்தது. வெற்றிச் செய்தி வந்ததும், பெற்ற தாயைக் கொன்றுவிட்டதுபோன்ற உணர்வுடன் மகிழ்ச்சியும் துயரமும் கலந்து அழுததாக அவர் பின்னர் எழுதினார்.

அமெரிக்கா தந்த வாழ்வு

ஃபெராரி அமெரிக்கரை விரும்பவில்லை என்ற கருத்துக்கு எதிரான சான்று, நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே இருக்கிறது. பந்தயச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. அதற்காகவே சாலைக் கார்களை என்சோ விற்றார். போரில் நொறுங்கிக் கிடந்த ஐரோப்பாவில் அத்தகைய காரை வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. பணம் அமெரிக்காவில் இருந்தது.

அந்த வாசலைத் திறந்தவர் லூயிஜி கினெட்டி. போர்க்காலத்தை அமெரிக்காவில் கழித்த இந்த இத்தாலிய ஓட்டுநர், 1949-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி காரை ஏறத்தாழ முழு நேரமும் தானே ஓட்டி வென்றார். லெ மானில் ஃபெராரியின் முதல் வெற்றி அது. பின்னர் அமெரிக்காவில் ஃபெராரி விற்பனையைக் கட்டியெழுப்பியதுடன், வட அமெரிக்கப் பந்தய அணி ஒன்றையும் நடத்தினார். 340 அமெரிக்கா, 410 சூப்பர் அமெரிக்கா, 250 ஜிடி கலிஃபோர்னியா என்று கார்களுக்கு வைக்கப்பட்ட பெயர்களே, வாங்குபவர் யார் என்பதைச் சொல்லின.

1952-இல் அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயமான இண்டியானாபோலிஸ் 500-இலும் ஃபெராரி கலந்துகொண்டது. ஆல்பெர்டோ அஸ்காரி ஓட்டிய கார், சக்கரம் பழுதானதால் 40 சுற்றுகளில் நின்றுபோனது. அதே ஆண்டும் மறு ஆண்டும் உலகச் சாம்பியன் பட்டத்தை அஸ்காரி ஃபெராரிக்காக வென்றார். எனினும் இண்டியானாபோலிஸ் ஆசை என்சோவின் மனத்தில் எஞ்சி நின்றது. அமெரிக்கர் ஒருவர் முதன்முதலாக உலகச் சாம்பியன் ஆனதும் ஃபெராரி காரில்தான். 1961-இல் ஃபில் ஹில் அந்தப் பட்டத்தை வென்றார்.

வெற்றிகளுக்குக் கொடுத்த விலை

1956 ஜூன் 30 அன்று மகன் டினோ தசைச் சிதைவு நோயால் 24 வயதில் இறந்தார். என்சோ அதன் பின்னர் பொதுவெளியில் கறுப்புக் கண்ணாடி இன்றி அரிதாகவே காணப்பட்டார். மகனின் கல்லறைக்குச் செல்வது அவருடைய அன்றாட வழக்கமாயிற்று. பந்தயக் களங்களுக்குச் செல்வதைத் தவிர்த்தார். முடிவுகள் அனைத்தும் மரனெல்லோ அலுவலக மேசையிலேயே எடுக்கப்பட்டன.

அந்த முடிவுகளின் விளைவுகளைச் சுமந்தவர்கள் வேறு மனிதர்கள். 1957 மே மாதம் மில்லே மிலியா பந்தயத்தில், குயிதித்சோலோ என்ற ஊருக்கு அருகே அல்ஃபோன்சோ தே போர்டாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டுநரும் உடன் சென்றவரும், சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். இறந்தோரில் ஐவர் குழந்தைகள். பொதுச் சாலைகளில் நடந்த அந்தப் பந்தயமே அத்துடன் முடிவுக்கு வந்தது. என்சோ மீது கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு தொடரப்பட்டது. 1961-இல்தான் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

1958-இல் லூயிஜி முஸ்ஸோ, பீட்டர் காலின்ஸ் ஆகிய இரு ஓட்டுநர்களும் ஒரே மாத இடைவெளியில் ஃபெராரி கார்களில் உயிரிழந்தனர். தன் பிள்ளைகளையே விழுங்கிய ரோமானியப் புராணத்தின் சனித் தெய்வத்துடன் வாட்டிகன் நாளேடு அவரை ஒப்பிட்டது. 1961 செப்டம்பரில் மொன்சா களத்தில் வொல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸும் பார்வையாளர்கள் பத்துக்கும் மேற்பட்டோரும் இறந்தனர். ஃபில் ஹில்லின் பட்டம் உறுதியானது அதே பந்தயத்தில்தான்.

அந்த ஆண்டின் இறுதியில் பொறியாளர்கள் கார்லோ கீட்டி, ஜோட்டோ பிட்சாரீனி, அணி மேலாளர் ரோமோலோ தவோனி உள்ளிட்ட மூத்தோர் ஒரே நேரத்தில் நிறுவனத்தை விட்டு வெளியேறினர். நிர்வாகத்தில் என்சோவின் மனைவி லாராவின் தலையீடு அதிகரித்ததே பூசலுக்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. என்சோ இறங்கிவரவில்லை. 26 வயதே ஆன மௌரோ ஃபோர்கியேரியிடம் தொழில்நுட்பப் பொறுப்பை ஒப்படைத்தார். அனைத்தையும் தன் கையில் வைத்திருக்கும் மனிதரின் வலிமையும் குறையும் அந்த நிகழ்வில் ஒருசேர வெளிப்பட்டன.

ஃபோர்டு வந்த வசந்தம்

1963-இல் என்சோவுக்கு வயது 65. வாரிசாக வளர்த்த மகன் இல்லை. பந்தயச் செலவு ஆண்டுதோறும் ஏறியது. ஆண்டுக்குச் சில நூறு கார்களை மட்டுமே தயாரித்த நிறுவனத்தால் அதைத் தாங்குவது கடினமாயிற்று. அதே வேளையில் அமெரிக்காவில் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, இளைஞர்களைக் கவரத் தன் நிறுவனத்துக்குப் பந்தயப் புகழ் வேண்டும் என விரும்பினார். அந்தப் புகழை உருவாக்குவதைவிட வாங்குவது விரைவானது என்று அவருடைய அதிகாரிகள் கருதினர்.

அந்த வசந்த காலத்தில் டான் ஃப்ரே தலைமையிலான ஃபோர்டு குழு மரனெல்லோவுக்கு வந்தது. கணக்காளர்கள் தொழிற்சாலையின் இயந்திரங்களையும் உதிரிபாகங்களையும் கணக்கெடுத்தனர். வழக்கறிஞர்கள் ஆவணங்களைத் தயாரித்தனர். இரண்டு நிறுவனங்களை அமைக்கத் திட்டமிடப்பட்டது. சாலைக் கார்களைத் தயாரிக்கும் நிறுவனத்தில் பெரும்பங்கு ஃபோர்டுக்கு. பந்தய நிறுவனத்தில் பெரும்பங்கு என்சோவுக்கு. சாலைக் கார்களை ஒப்படைப்பதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருக்கவில்லை. பந்தயத்துக்கான வருமானம் என்ற அளவிலேயே அவற்றை அவர் மதித்திருந்தார்.

பேச்சுவார்த்தைச் செய்தி பரவியதும் இத்தாலிய ஆர்வலர்களிடையே கலக்கம் ஏற்பட்டது. போருக்குப் பின் உலக அரங்கில் இத்தாலி பெருமையுடன் காட்டிய சிவப்புக் கார், டெட்ராய்ட் அருகே டியர்பர்னில் உள்ள ஒரு தலைமையகத்தின் சொத்தாகப் போகிறது என்பது அவர்களுக்கு ஏற்கக் கூடியதாக இல்லை.

மே மாதம் இறுதி ஒப்பந்தத்தின் வரைவு என்சோவின் மேசைக்கு வந்தது. தான் எப்போதும் பயன்படுத்தும் ஊதா மைப் பேனாவுடன் அவர் அதைப் படித்தார். பந்தயப் பிரிவின் செலவு ஒப்புக்கொண்ட வரம்பைத் தாண்டினால் ஃபோர்டின் அனுமதி பெற வேண்டும் என்ற பிரிவில் அவருடைய பேனா நின்றது. செலவுக்கு அனுமதி கேட்க வேண்டுமென்றால் எந்தப் பந்தயத்தில் கலந்துகொள்வது என்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்று அவர் கணித்தார். ஃபோர்டு விரும்பாத நிலையில் தான் இண்டியானாபோலிஸில் போட்டியிட விரும்பினால் என்ன ஆகும் என வினவினார். போட்டியிட முடியாது என்பதே கிடைத்த பதில்.

பேச்சுவார்த்தை அத்துடன் முடிந்தது. ஃபோர்டு குழுவினரிடம் கடும் சொற்களை வீசிவிட்டு, உதவியாளர் ஃபிராங்கோ கோட்சியை அழைத்துக்கொண்டு என்சோ இரவு உணவுக்குச் சென்றுவிட்டார். 1938-இல் ஆல்ஃபா ரோமியோவில் தான் இழந்த அதே உரிமையை மீண்டும் இழக்க அவர் ஆயத்தமாக இல்லை. ஃபியட்டின் கவனத்தை ஈர்ப்பதற்காகவே ஃபோர்டுடன் பேசினார் என்று கருதுவோரும் உண்டு. எவ்வாறாயினும், ஒப்பந்தம் முறிந்த இடம் விலை அல்ல. பந்தயம் குறித்து முடிவெடுக்கும் அதிகாரம்.

ஃபோர்டின் இரட்டைப் பதிலடி

வாங்க முடியாத ஃபெராரியை லெ மானில் வெல்ல வேண்டும் என்று இரண்டாம் ஹென்றி ஃபோர்டு உத்தரவிட்டார். 1960 முதல் தொடர்ந்து அங்கு வென்றுவந்தது ஃபெராரி. பிரிட்டனின் லோலா நிறுவனத்தின் உதவியுடன் ஜிடி40 என்ற கார் உருவானது. 1964-இல் கலந்துகொண்ட ஜிடி40 கார்கள் மூன்றும் பாதியில் நின்றன. 1965-இலும் ஃபோர்டு தோற்றது. அந்த ஆண்டு வென்ற ஃபெராரி, கினெட்டியின் வட அமெரிக்க அணிக்குச் சொந்தமானது என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கிடையே 1964 இறுதியில் ஒரு விசித்திரமான காட்சி அரங்கேறியது. 250 எல்எம் காருக்கு அங்கீகாரம் பெறுவதில் இத்தாலிய ஆட்டோமொபைல் சங்கத்துடன் என்சோவுக்குத் தகராறு ஏற்பட்டது. அந்தக் கோபத்தில் இத்தாலியின் சிவப்பைக் கைவிட்டு, கினெட்டி அணியின் நீல-வெள்ளை நிறத்தில் தன் ஃபார்முலா ஒன் கார்களை அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் ஓட்டச் செய்தார். ஜான் சர்டீஸ் அந்த நிறத்தில்தான் உலகச் சாம்பியன் ஆனார். தன் முடிவில் தலையிட்டவர் இத்தாலியராக இருந்தபோதும் என்சோ அதே கடுமையைக் காட்டினார்.

1966-இல் ஃபோர்டு லெ மானில் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றியது. ஏழு லிட்டர் என்ஜினுடன் வந்த அமெரிக்கக் கார்களை, நான்கு லிட்டர் ஃபெராரி கார்களால் எதிர்கொள்ள முடியவில்லை. பந்தயத்துக்குச் சற்று முன் அணி மேலாளருடன் ஏற்பட்ட மோதலில் சர்டீஸ் விலகியதும் ஃபெராரிக்கு இழப்பாயிற்று. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா களத்தில் ஃபெராரி முதல் மூன்று இடங்களையும் வென்று பதில் தந்தது. ஆனால் லெ மானில் 1969 வரை தொடர்ந்து வென்றது ஃபோர்டுதான்.

இந்தக் கதை திரைப்படமாகவும் வந்துவிட்டதால் பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இரண்டாவது பதிலடியே நீண்ட காலம் வலித்தது. பிரிட்டனின் காஸ்வொர்த் நிறுவனம் உருவாக்கிய ஃபார்முலா ஒன் என்ஜினுக்கு ஃபோர்டு பணம் கொடுத்தது. 1967-இல் முதல் பந்தயத்திலேயே வென்ற அந்த என்ஜின் பல அணிகளுக்கும் விற்கப்பட்டது. 1968 முதல் 1974 வரை ஏழு ஆண்டுகளும் உலகச் சாம்பியன் பட்டம் வென்றோர் அதே என்ஜினைத்தான் பயன்படுத்தினர். ஃபோர்டை நிராகரித்ததற்கு என்சோ கொடுத்த விலை இதுவே.

ஃபோர்டும் இத்தாலியக் கூட்டாளியைத் தேடுவதைக் கைவிடவில்லை. என்சோவின் சொந்த ஊரான மொடேனாவில் இயங்கிய டி டொமாசோ நிறுவனத்துடன் இணைந்தது. அதன் விளைவாக வந்த பன்டேரா கார், ஃபோர்டின் எட்டு சிலிண்டர் என்ஜினுடன் 1971 முதல் அமெரிக்காவில் லிங்கன்-மெர்குரி விற்பனையகங்களில் விற்கப்பட்டது. பின்னர் 1986-இல் ஆல்ஃபா ரோமியோவை வாங்கவும் ஃபோர்டு முயன்றது. இத்தாலிய அரசு நிறுவனம் ஆல்ஃபாவை ஃபியட்டுக்கே விற்றது.

மறுத்த நிறுவனமே துணையானது

ஃபியட் என்ற பெயர் இந்தியர்களுக்கு நன்கு பழக்கமானது. அந்நிறுவனத்தின் 1100 மாதிரியிலிருந்து வந்த பிரீமியர் பத்மினி, பல பத்தாண்டுகள் மும்பை டாக்சியாக ஓடியது. இத்தாலியில் அந்தப் பெருநிறுவனமும் ஃபெராரியும் 1965-இலேயே நெருங்கின. மகன் டினோவின் பெயரைத் தாங்கிய ஆறு சிலிண்டர் என்ஜினை, பந்தய விதிகள் கோரிய எண்ணிக்கையில் தயாரிக்க ஃபெராரியால் இயலவில்லை. அந்தப் பொறுப்பை ஃபியட் ஏற்றது.

1969 ஜூன் மாதம் டூரினில் ஃபியட் தலைவர் ஜான்னி அன்யெல்லியைச் சந்தித்தார் என்சோ. அரை நூற்றாண்டுக்கு முன் வேலை தர மறுத்த நிறுவனத்துக்கு, தன் நிறுவனத்தில் 50 சதவீதப் பங்கை விற்றார். தன் மறைவுக்குப் பின் ஃபியட்டின் பங்கு 90 சதவீதமாக உயரவும் இசைந்தார். ஆனால் உயிருள்ளவரை பந்தயப் பிரிவு முழுவதும் தன் கட்டுப்பாட்டிலேயே இருக்கும் என்பதை உறுதிசெய்துகொண்டார். ஃபெராரி இத்தாலியிலேயே இருக்கும் என்பதில் ஆர்வலர்கள் நிம்மதி அடைந்தனர். என்சோவுக்குப் பெரிதாகத் தோன்றியது, செலவுக்கும் களத்துக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது.

ஃபியட்டின் பணம் விரைவில் பயன் தந்தது. 1972-இல் தொழிற்சாலையை ஒட்டி ஃபியொரானோ சோதனைக் களம் திறக்கப்பட்டது. ஃபோர்கியேரியின் 312டி காரில் நிக்கி லாடா 1975-இல் பட்டம் வென்று, காஸ்வொர்த் என்ஜினின் நீண்ட ஆதிக்கத்தை முறித்தார். 1976-இல் நூர்பர்க்ரிங் களத்தில் தீயில் சிக்கி உயிர் பிழைத்து, 1977-இல் லாடா மீண்டும் சாம்பியன் ஆனார். ஆனால் விபத்துக்குப் பின் தன் மீதான நம்பிக்கை குறைந்துவிட்டதாகக் கருதிய அவர், அந்த ஆண்டே அணியை விட்டு விலகினார். 1979-இல் ஜோடி ஷெக்டர் பெற்ற பட்டமே என்சோ வாழ்நாளில் கண்ட கடைசி ஓட்டுநர் சாம்பியன் பட்டம்.

1978-இல் மனைவி லாரா மறைந்த பின்னரே, லீனா லார்டிக்கும் தனக்கும் 1945-இல் பிறந்த பியெரோவை மகனாக வெளிப்படையாக அங்கீகரித்தார். 1982 மே மாதம், தான் மகனைப் போல் நேசித்த கனடா ஓட்டுநர் கில் வில்நவ் பெல்ஜியத்தின் சோல்டர் களத்தில் இறந்தது முதுமையில் அவருக்கு விழுந்த பேரிடியாகும்.

கடைசி வரை அதே கேள்வி

1980-களின் நடுவில், என்ஜின் விதிகள் தொடர்பாக ஃபார்முலா ஒன் நிர்வாகத்துடன் மீண்டும் மோதல் எழுந்தது. 90 வயதை நெருங்கிக்கொண்டிருந்த என்சோ, அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்துக்குச் சென்றுவிடப்போவதாக எச்சரித்தார். அமெரிக்க அணியான ட்ரூஸ்போர்ட்ஸின் ஒத்துழைப்புடன் 637 என்ற இண்டிகார் உருவாக்கப்பட்டு, 1986-இல் காட்சிக்கும் வைக்கப்பட்டது. விதிகளில் விட்டுக்கொடுப்பு கிடைத்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கார் ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. 1963-இல் ஒப்பந்தத்தை முறித்த இண்டியானாபோலிஸ் ஆசை, 23 ஆண்டுகளுக்குப் பின் பேரம் பேசும் கருவியாகப் பயன்பட்டது. அமெரிக்கக் கூட்டு என்பதே அவருக்கு ஒவ்வாதது அல்ல என்பதற்கு இதுவும் சான்று.

1987-இல் நிறுவனத்தின் 40-ஆம் ஆண்டையொட்டி வெளியான எஃப்40, அவர் காலத்தில் அறிமுகமான கடைசிக் கார்களில் ஒன்று. 1988 ஜூன் மாதம் போப் இரண்டாம் ஜான் பால் மரனெல்லோவுக்கு வந்தபோது, நோயுற்றிருந்த என்சோவால் நேரில் வரவேற்க இயலவில்லை. தொலைபேசியில் மட்டுமே பேசினார். 1988 ஆகஸ்ட் 14 அன்று மொடேனாவில் காலமானார். நெருங்கிய குடும்பத்தினர் முன்னிலையில் அடக்கம் முடிந்த பின்னரே செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தந்தையும் மகன் டினோவும் உறங்கும் சான் கட்டால்டோ கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

நான்கு வாரங்கள் கழித்து மொன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரியில் ஃபெராரியின் கெர்ஹார்டு பெர்கர், மிக்கேலே அல்போரெட்டோ ஆகியோர் முதல் இரு இடங்களையும் பிடித்தனர். 16 பந்தயங்கள் கொண்ட அந்தப் பருவத்தில் மெக்லாரன் அணி வெல்லாத ஒரே பந்தயம் அது.

ஒப்பந்தப்படி ஃபியட்டின் பங்கு 90 சதவீதம் ஆனது. பியெரோவிடம் 10 சதவீதம் இருந்தது. கிரைஸ்லரை முழுமையாக வாங்கிய ஃபியட் 2014-இல் அதனுடன் ஒரே நிறுவனமானதால், ஃபெராரியும் சிறிது காலம் ஓர் அமெரிக்க-இத்தாலியக் குழுமத்தின் பகுதியாக இருந்தது. 2015 அக்டோபரில் ஃபெராரி பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. 2016 தொடக்கத்தில் அது அந்தக் குழுமத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனமாயிற்று. இந்த மாற்றங்கள் அனைத்தின் ஊடாகவும் கார்கள் மரனெல்லோவிலேயே தயாராயின. பந்தய அணியும் அங்கிருந்தே இயங்கியது.

எனவே கேடிலாக் அணி ஃபெராரி என்ஜினை வாங்குவதையும், 1963-இல் ஃபோர்டு முன்வைத்த திட்டத்தையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. முன்னது விலை கொடுத்து என்ஜின் வாங்கும் வணிகம். ஃபெராரி எந்தக் களத்தில், எவ்வளவு செலவில் போட்டியிட வேண்டும் என்பதில் அமெரிக்க நிறுவனத்துக்கு உரிமை எதுவும் இல்லை. பின்னது அந்த உரிமையையே கேட்டது. புதிய கூட்டு முயற்சி எதுவாயினும், பங்கு எவ்வளவு சதவீதம் என்பதைப் பார்ப்பதற்கு முன் என்சோ ஃபெராரி தேடிப் படித்திருக்கக்கூடிய பிரிவு அதுவே.